களிம்பில் பதிந்த துணி: மோச்சே ஈம முகமூடிகளும் அவற்றைச் சேகரிக்கும் ஆசையும்

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வடக்குக் கடற்கரையில் வாழ்ந்த மோச்சே மக்கள், இறந்த தலைவர்களின் முகத்தின் மேல் உலோகத்தில் இன்னொரு முகத்தைச் செய்து வைத்துப் புதைத்தார்கள். அந்த முகங்களில் பல இன்று நியூயார்க்கிலும் ஐரோப்பிய நகரங்களிலும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. சில ஏலக் கூடங்களின் விலைப்பட்டியல்களில் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. படங்களில் அவை பொன்போல மின்னும். அந்த மினுமினுப்பைக் கண்டாலே எனக்கு மனம் கனத்துவிடும்.

காரணம் எளியது. மோச்சே முகமூடிகளில் பெரும்பாலானவை செம்புத் தகட்டால் ஆனவை. மேலே தங்கமோ வெள்ளியோ மெல்லிய படலமாக இருக்கும். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த செம்பு பச்சைக் களிம்பு பிடித்துத்தான் வெளியே வரும். பிணத்தைச் சுற்றிய பருத்தித் துணி அந்த உலோகத்தைத் தொட்டுக்கொண்டே மட்கும்போது, செம்பு உப்புகள் நூல் இழைகளுக்குள் ஊறி, இழை இருந்த இடத்தில் கனிமமாக உறைந்துவிடும். துணி போய்விடும், அதன் நெசவு களிம்பில் அப்படியே நிற்கும். பாவு எது, ஊடை எது, நூல் எந்தப் பக்கம் முறுக்கப்பட்டது, எத்தனை அடுக்குத் துணி என்பதையெல்லாம் உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணலாம். துணியோடு நாணல் பாயின் அச்சும், இறகின் தடமும், சில வேளைகளில் பிணத்தில் மொய்த்த ஈக்களின் கூட்டுப்புழு உறைகளும் ஒட்டியிருக்கும். இறந்தவரை உடனே புதைத்தார்களா, சில நாள் வெளியில் வைத்திருந்தார்களா என்று சொல்ல அந்த உறைகள் உதவும். கள்ளச் சந்தையில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் அழுக்கு. அமிலத்தில் முக்கித் தேய்த்தால் போய்விடும், பொன் முகம் தெரியும், விலை ஏறும்.

ஆக, வாங்குபவர் அதிகம் கொடுத்து வாங்குவது அதிகம் இழந்துவிட்ட பொருளை. மோச்சே உலோகச் சேகரிப்பின் மையச் சிக்கலாக நான் பார்ப்பது இதைத்தான். திருட்டு, சட்டம், நீதிமன்றம் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

மோச்சே பண்பாடு ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை செழித்தது. மழையே இல்லாத பாலை நிலம். ஆண்டிஸ் மலையிலிருந்து கடலுக்கு ஓடும் சிறு ஆறுகள். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வாய்க்கால் வெட்டி விவசாயம். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் வெயிலில் காய்ந்த மண்கற்களால் மலைபோல் எழுப்பிய கோயில் மேடுகள் உண்டு. அவற்றை அந்த ஊர்களில் 'வாக்கா' என்கிறார்கள். ட்ருஹியோ நகருக்கு அருகே இருக்கும் சூரிய வாக்காவுக்கு மட்டும் 13 கோடிக்கும் மேற்பட்ட மண்கற்கள் பிடித்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு செய்தவர்களிடம் எழுத்து இல்லை. அரசர் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அவர்கள் வரைந்த பானைகள், சுவர்ச் சித்திரங்கள், கல்லறைகள் ஆகிய மூன்றின் வழியாகத்தான் அவர்களை அறிகிறோம். ஒரு கல்லறை சிதைந்தால் நூலகத்தில் வேறு பிரதியைத் தேட வழியில்லை.

முகமூடியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது ஒரு விசித்திரமான அலங்காரமாகத் தோன்றலாம். கல்லறைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் இடம் புரிகிறது. மோச்சே ஏழைகளின் புதைகுழிகளில் இறந்தவரின் வாயிலோ கையிலோ சிறு செம்புத் துண்டு ஒன்றை வைத்திருப்பார்கள். துணியில் சுற்றிய அந்தத் துண்டுகள் சில நேரம் விரல் நகம் அளவுதான் இருக்கும். கொஞ்சம் வசதியானவருக்குத் துண்டுகள் கூடும். மூக்கணியும் காதணியும் சேரும். தலைவர்களுக்கு முகம் முழுவதும் மூடப்படும். ஏழையின் வாயில் இருந்த செம்புத் துண்டும் தலைவரின் பொன் முகமும் ஒரே வழக்கத்தின் இரு முனைகள் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சிறு செம்புத் துண்டை எந்தக் கொள்ளையரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் வாங்க ஆளில்லை. சந்தைக்கு ஒரு முனை மட்டுமே தெரியும்.

மூடுவதிலும் ஒரே முறை இல்லை. சிபான் என்ற இடத்தில் கிடைத்த தலைவரின் முகத்தில் கண்களுக்குத் தனித் தகடுகள், மூக்குக்குத் தனி, கன்னத்தையும் தாடையையும் சேர்த்து மூட ஒரு பெரிய தகடு என்று பகுதி பகுதியாகத் தங்கம் இருந்தது. எல் புரூஹோ என்ற இடத்தில் கண்டெடுக்கப்பட்டு 2006-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட காவோ சீமாட்டி, உடலில் பாம்பும் சிலந்தியும் பச்சை குத்திக்கொண்டிருந்த இளம்பெண். அவருடைய முகத்தின் மேல் உலோகக் கிண்ணம் ஒன்று கவிழ்க்கப்பட்டிருந்தது. ஹெக்கேடெப்பெக்கே ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள டோஸ் கபேசாஸில், 1990-களில் கிறிஸ்டோபர் டோனன் நடத்திய அகழாய்வில் தங்கமுலாம் பூசிய செம்பு முகமூடி அணிந்த ஒருவர் கிடைத்தார். அந்த முகத்துக்குச் சிப்பியில் செய்த வெண்விழிகள். அதே இடத்தில் புதைக்கப்பட்டிருந்த ஆண்கள் அந்தக் காலத்து மோச்சே ஆண்களைவிட மிக உயரமானவர்கள் என்பதும், அவர்களுடைய கல்லறைகளின் அருகிலேயே பொம்மை அளவில் சின்னஞ்சிறு கல்லறைகளும் கட்டப்பட்டிருந்தன என்பதும் மண்ணை அடுக்கடுக்காக நீக்கியதால் தெரிய வந்தவை. கடப்பாரையோடு ஓரிரவில் வந்தவர்கள் முகமூடியை மட்டும் எடுத்துப் போயிருந்தால், எலும்பின் நீளத்தை யார் அளந்திருப்பார்கள்?

இனி உலோக வேலைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்றே போக வேண்டும்; மோச்சே தட்டார்களின் மேதைமை இங்கேதான் இருக்கிறது.

செம்புக்கு மேல் தங்கம் ஏற்ற மின்கலம் இல்லாத காலத்தில் அவர்கள் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். முதல் வழியில் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றையும் உருக்கிக் கலந்து கட்டியாக்கி, அடித்துத் தகடாக்குவார்கள். அடிக்க அடிக்க உலோகம் இறுகி வெடிக்கப் பார்க்கும்; அப்போது பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு மறுபடி அடிப்பார்கள். ஒவ்வொரு முறை நெருப்பில் வைக்கும்போதும் மேற்பரப்பில் உள்ள செம்பு கருத்துச் செதிலாகும். அந்தச் செதிலைப் புளித்த சாற்றிலோ அதுபோன்ற காரமான நீரிலோ ஊறவைத்து நீக்கினால், மேலே வெள்ளியும் தங்கமும் மிஞ்சும். அதன்மேல் உப்பும் அரிக்கும் தன்மையுள்ள கனிமமும் சேர்ந்த பசையைப் பூசினால் வெள்ளியும் போய்விடும், எஞ்சுவது தங்கம். உள்ளே செம்பு மிகுந்த சிவந்த உலோகம், வெளியே பொன். வெளியிலிருந்து எதையும் பூசவில்லை. உள்ளே கலந்திருந்த தங்கத்தை மேலே தெரியவைத்தார்கள்.

இரண்டாவது வழி இன்னும் வியப்புக்குரியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹீதர் லெக்ட்மனும் அவருடைய குழுவினரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில் அதைச் செய்தே காட்டினார்கள். படிகாரம், வெடியுப்பு, கறியுப்பு போன்ற, பாலை நிலத்தில் கிடைக்கும் பொருள்களைத் தண்ணீரில் கரைத்து, அதில் தங்கத்தைப் பல நாள் மெதுவாகச் சூடாக்கினால் தங்கம் கரைகிறது. அந்தக் கரைசலின் அமிலத் தன்மையைச் சோடா உப்பால் தணித்து, சுத்தமான செம்புத் தகட்டை அதில் போட்டுக் கொதிக்கவிட்டால், செம்பு சிறிது கரைய, அந்த இடத்தில் தங்கம் படிகிறது. பிறகு நெருப்பில் காட்டினால் படலம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. தகட்டின் விளிம்பிலும் துளைகளின் உட்பக்கத்திலும்கூட அது சீராகப் படிந்திருக்கிறது. தங்க இழையைத் தட்டி ஒட்டியிருந்தால் இப்படி வராது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த முதல் தடயம்.

இவ்வளவு மெல்லிய படலத்தைக் காப்பாற்றுவது எத்தனை கடினம் என்று எண்ணிப் பாருங்கள். மண்ணில் கிடக்கும்போது உள்ளே இருக்கும் செம்பு, படலத்தின் நுண்துளைகள் வழியே அரித்து வெளியே வந்து களிம்பாகப் படர்கிறது. ஆகவே தங்கம் களிம்புக்கு அடியில் மட்டும் இருப்பதில்லை. சில இடங்களில் இரண்டு களிம்பு அடுக்குகளுக்கு நடுவில், எதன்மேலும் ஒட்டாமல் மிதப்பதுபோல் நிற்கிறது. பாதுகாப்பு வல்லுநர்கள் நுண்ணோக்கியின் கீழ், ஊசிமுனையளவு கருவியால், ஒரு நாளைக்கு ஒரு கட்டைவிரல் அகலம் என்ற வேகத்தில் வேலை செய்வது இதனால்தான். அமிலத் தொட்டி அந்த மிதக்கும் தங்கத்தையும் சேர்த்துக் கழுவிவிடும். கள்ளச் சந்தையில் காணும் சில முகமூடிகளில் தங்கம் திட்டுத் திட்டாக மட்டும் இருப்பது காலத்தின் வேலையன்று. அண்மையில் யாரோ தேய்த்ததன் விளைவு.

தகடுகளை இணைக்க அவர்கள் பெரும்பாலும் பற்றவைக்கவில்லை. ஒரு தகட்டில் நாக்குபோல் நீட்டம் விட்டு, மற்றதில் பிளவு வெட்டி, நாக்கை நுழைத்துப் பின்பக்கம் மடித்தார்கள். காதணிகளும் மூக்கணிகளும் ஆடும் சிறு தகடுகளும் இப்படித்தான் கோக்கப்பட்டன. சடங்கில் தலைவர் அசையும்போது நூற்றுக்கணக்கான தகடுகள் ஒளிவீசி ஒலித்திருக்க வேண்டும். ஈம முகமூடிகள் சிலவற்றிலும் அந்தத் தகடுகள் இருப்பது என் மனத்தை உலுக்கும் ஒரு செய்தி. அசையவே போகாத ஒருவருக்கும் அசையும் நகையைத்தான் செய்திருக்கிறார்கள்.

இத்தனை அறிவையும் ஒரே இடத்தில் கண்டது சிபான். லம்பாயேக்கே பகுதியில் கரும்பு வயல்களுக்கு நடுவே வாக்கா ரஹாடா என்ற மேடு. 1987 பிப்ரவரியில் உள்ளூர்க் கொள்ளையர்கள் அதைத் தோண்டி ஒரு செல்வமிக்க கல்லறையை அடைந்தார்கள். இப்படித் தோண்டுபவர்களை அங்கே வாக்கேரோ என்கிறார்கள்; சிலருக்கு அது தலைமுறைத் தொழில். பங்கு பிரிப்பதில் சண்டை வந்து செய்தி காவல்துறைக்குப் போனது. கைப்பற்றிய சில பொருள்களைக் காவலர்கள் புரூனிங் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த வால்டர் ஆல்வாவிடம் காட்ட, அவர் இரவோடு இரவாக வந்து சேர்ந்தார். கொள்ளைக் கும்பலின் தலைவன் சில வாரங்களில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தான். ஊர் மக்கள் கொதித்துப்போனார்கள். ஆல்வாவின் குழு ஒரு கையில் மண்வாரியும் மறு கையில் பாதுகாப்புக்கான ஏற்பாடுமாக அங்கேயே தங்கித் தோண்டியது.

அந்த ஆண்டிலேயே, கொள்ளையர் தொடாத ஒரு பகுதியில், சிபான் பெருந்தலைவரின் கல்லறை திறந்தது. மேலே பாதங்கள் துண்டிக்கப்பட்ட காவலன். கீழே செம்புப் பட்டைகளால் இறுக்கிய மரப் பெட்டி. உள்ளே கொடிகள், ஆடைகள், நகைகள், எலும்பு. நிலக்கடலை வடிவில் ஒரு கழுத்துமாலை. வலப்பக்கம் பத்துக் கடலைகள் தங்கம், இடப்பக்கம் பத்துக் கடலைகள் வெள்ளி. வலக்கையில் தங்கக் கட்டி, இடக்கையில் செம்புக் கட்டி. வலம் பொன், இடம் வெண்மையும் செம்மையும் என்ற ஒழுங்கு உடல் முழுவதும் தொடர்ந்தது. மோச்சே உலகப் பார்வையில் இரட்டைத் தன்மைக்கு இருந்த இடத்தை நாம் இன்று பேச முடிவது, ஒவ்வொரு மணியும் எந்தப் பக்கம் கிடந்தது என்று குறித்து வைத்ததால்தான். கொள்ளையன் கையில் சிக்கியிருந்தால் தங்கக் கடலைகள் ஒரு நாட்டுக்கும் வெள்ளிக் கடலைகள் இன்னொரு நாட்டுக்கும் போயிருக்கும். வெள்ளி கருத்து நொறுங்கியிருந்தால் குப்பைக்கே போயிருக்கலாம்.

அதைவிடப் பெரிய செய்தி பானைகளிலிருந்து வந்தது. மோச்சே பானைகளில் கைதிகளின் கழுத்தை அறுத்து இரத்தத்தைக் கோப்பையில் ஏந்தித் தலைவர்களுக்குக் கொடுக்கும் காட்சி திரும்பத் திரும்ப வரும். அது புராணமா, நடப்பா என்று நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. சிபானில் கிடைத்தவரின் தலைக்கவசம், காதணி, கைக்கோல், இடுப்பின் பின்னால் தொங்கும் தகடு எல்லாம் அந்தக் காட்சியின் முதன்மைப் பாத்திரத்தோடு ஒத்துப்போயின. பிறகு 1990-களின் தொடக்கத்தில் சான் ஹோசே டி மோரோ என்ற இடத்தில், அதே காட்சியில் வரும் பூசாரிப் பெண்ணின் கல்லறையும் கிடைத்தது. பானையில் வரைந்த பாத்திரங்களின் உடைகளை அணிந்து, அந்தச் சடங்கை உண்மை மனிதர்கள் நடத்தியிருக்கிறார்கள் என்று உறுதியானது. ஏலத்தில் வந்த எந்தத் தனி முகமூடியாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

கொள்ளை புதிய வழக்கம் அன்று. ஸ்பானியர்கள் வந்ததுமே வாக்காக்களைச் சுரங்கமாகத்தான் பார்த்தார்கள். தோண்ட உரிமம், அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு வரி, மிச்சம் உருக்கப்பட்டுக் கட்டியாகும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிய வாக்காவின் மேல் மோச்சே ஆற்றையே திருப்பிவிட்டுக் கரைத்தார்கள். அந்த மேட்டின் பெரும் பகுதி இன்று இல்லை. எத்தனை முகங்கள் உருகிப் போயின என்று யாராலும் சொல்ல முடியாது. உருக்காமல் விற்கும் வழக்கம் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் சேகரிப்பாளர்கள் பெருகிய பிறகு வந்தது. சேகரிப்பாளர் இல்லாவிட்டால் எல்லாம் உருக்கப்பட்டிருக்கும் என்று சிலர் வாதிடுவது இந்த வரலாற்றை வைத்துத்தான். கடந்த காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் முலாம் பூசிய செம்பை உருக்கினால் தங்கம் ஒன்றும் பெரிதாகத் தேறாது. இன்று அந்த முகமூடிக்காக மண் தோண்டப்படுவது, அதை முகமூடியாகவே வாங்க ஆள் இருப்பதால் மட்டும்தான்.

வாக்கேரோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980-களில் பெருவின் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்தது. கரும்புக் கூட்டுறவுகளில் கூலி கிடைக்காத மாதங்கள் உண்டு. தோண்டியவனுக்குக் கிடைத்தது சொற்பம். இடைத்தரகர், கடத்துபவர், வெளிநாட்டு வணிகர் என்று கை மாற மாற விலை பல மடங்காகும். அவனுடைய வறுமையைப் புரிந்துகொள்கிறேன். வரவேற்பறையில் மாட்டுவதற்காக வாங்கியவருக்கு அந்தச் சலுகையைத் தர மனம் வரவில்லை.

சட்டம் இருக்கவே செய்தது. புதிதாக விடுதலை பெற்ற பெரு 1822-லேயே பழம்பொருள் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 1929-இல் இயற்றிய 6634 எண் சட்டம், பதிவு செய்யப்படாத ஸ்பானியர்க்கு முந்தைய பொருள்கள் அரசுக்கே சொந்தம் என்றது. நடைமுறையில் எங்கே இடறியது என்பதைச் சிபான் வழக்கு காட்டியது. சிபானிலிருந்து கடத்தியவை எனக் கருதப்பட்ட பொருள்களை வைத்திருந்த ஒரு கலிஃபோர்னியச் சேகரிப்பாளர் மேல் பெரு அரசு தொடுத்த வழக்கு 1989-இல் தள்ளுபடியானது. அந்தப் பொருள்கள் இன்றைய பெருவின் எல்லைக்குள்தான் கிடைத்தன என்று நிறுவ முடியவில்லை என்றது நீதிமன்றம்; அண்டை நாடுகளிலும் இத்தகையவை கிடைக்கலாமே என்றும் கேட்டது. கல்லறையைச் சிதைத்தவன் அதோடு சேர்த்து வழக்குக்கு வேண்டிய சாட்சியத்தையும் அழித்துவிட்டான். சிதைத்தவனுக்கே அது பலனானது. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அதன் பிறகு நிலை மாறியது. 1990-இல் அமெரிக்கா சிபான் பகுதியின் மோச்சே பொருள்களை இறக்குமதி செய்ய அவசரத் தடை போட்டது. 1997-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாடு அதைக் குடியேற்றக் காலப் பொருள்கள் வரை விரித்தது. அது தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அதே 1997-இல் சிபானிலிருந்து கொள்ளை போன பெரிய தங்கப் பின்தகடு ஒன்றை 16 லட்சம் டாலருக்கு விற்க வந்தவர்களை, வாங்குபவர் வேடத்தில் சென்ற எஃப்.பி.ஐ. அதிகாரிகள் பிடித்தார்கள். தகட்டை அமெரிக்காவுக்குள் கொண்டுவரப் பனாமாவின் தூதரக அதிகாரி ஒருவர் உதவியிருந்தார். லா மினா என்ற இடத்தில் 1988 அளவில் கொள்ளை போன, ஆக்டோபஸ் கைகள் விரிந்த பொன் தலையணி 2006-இல் லண்டனில் மீட்கப்பட்டது. இரண்டும் இன்று பெருவில் இருக்கின்றன. ஆனால் எந்தக் கல்லறையில், யாருடைய எலும்போடு, எந்தப் பக்கம் இருந்தன என்ற செய்தி எந்த விமானத்திலும் திரும்பி வரவில்லை.

நேர்மையாகப் பேசினால் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வலுவான சான்று உண்டு. நான் மேலே விவரித்த முலாம் வேலையின் இரகசியம் அகழாய்வில் கிடைத்த பொருள்களிலிருந்து வெளிப்படவில்லை. பியூரா பள்ளத்தாக்கின் லோமா நெக்ரா கல்லறைகள் 1960-களின் இறுதியில் மொத்தமாகக் கொள்ளையடிக்கப்பட்டன. அங்கிருந்து சந்தைக்கு வந்து சிதறிய தகடுகளைத்தான் லெக்ட்மன் ஆராய்ந்தார். லோமா நெக்ரா பொருள்களில் பெரிய தொகுதி ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலோகம் தன் உள்ளமைப்பைத் தானே சொல்லும். அதற்குக் கல்லறை தேவையில்லை. எனவே கொள்ளைப் பொருளிலிருந்து ஒன்றுமே கற்க முடியாது என்று சொல்வது மிகை. எப்படிச் செய்தார்கள் என்பது தெரிகிறது. யாருக்காக, எதற்காக, எவற்றோடு சேர்த்து என்பவை தெரிவதில்லை. லோமா நெக்ரா தலைவர்கள் தென்பகுதி மோச்சேக்களோடு எந்த வகை உறவில் இருந்தார்கள் என்ற விவாதம் இன்னும் தீராமல் நீள்வதற்கு அதுவே காரணம்.

வாங்க விரும்புவோர் பெரும்பாலும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மோச்சே முகமூடி என்று இணையத்தில் சுற்றும் படங்களில் மிகப் புகழ்பெற்றவை மோச்சேயே அல்ல. அகன்ற பொன் தகடு, பக்கவாட்டில் கூர்ந்து மேல்நோக்கிய கண்கள், முகத்தில் சிவப்புப் பூச்சு, தொங்கும் காதணிகள். இவை அதே வடக்குக் கடற்கரையில், மோச்சே மங்கிய பிறகு எழுந்த சிக்கான் பண்பாட்டின் முகமூடிகள். லம்பாயேக்கே பண்பாடு என்றும் சொல்வார்கள். காலம் கி.பி. 900 முதல் 1100 வரை. மோச்சே முகம் மனித முகத்துக்கு நெருக்கமானது. கன்னத்தின் திரட்சியும் மூக்கின் வளைவும் ஒரு தனி மனிதரை நினைவூட்டும். சிக்கான் முகம் சடங்கு முத்திரைபோல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்.

சிக்கான் முகமூடி ஒன்றில், பழையபடி 'அழுக்கு' என்று கழுவப்படக்கூடிய ஒரு பொருள் என்ன சொன்னது என்று பாருங்கள். இசுமி ஷிமாடா 1990-களின் தொடக்கத்தில் வாக்கா லோரோவில் முறையாக அகழ்ந்த கல்லறையில், தலைகீழாகக் கிடத்தப்பட்ட தலைவரின் முகத்தில் சிவப்புப் பூச்சுள்ள தங்க முகமூடி இருந்தது. அந்தச் சிவப்பு, சாதிலிங்கம் என்ற கனிமம் என்பது முன்பே தெரியும். ஆயிரம் ஆண்டுகளாக அது உலோகத்தில் உரியாமல் ஒட்டியிருப்பது எப்படி என்பதுதான் புதிர். 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அந்தப் பூச்சின் சிறு துணுக்கைச் சோதித்தபோது மனித இரத்தத்தின் புரதங்களும் பறவை முட்டையின் புரதங்களும் தெரிந்தன. முட்டையும் இரத்தமும் சேர்த்துக் குழைத்த சாதிலிங்கம். இறந்தவரின் முகத்தில் உயிரின் நிறத்தைப் பூசியவர்கள் உயிருள்ள ஒன்றையே அதில் கலந்திருக்கிறார்கள். பழைய சேகரிப்புகளில் உள்ள பல சிக்கான் முகமூடிகளில் இந்தச் சிவப்பு பளபளப்புக்காகச் சுரண்டப்பட்டிருக்கிறது.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. லிமாவில் தங்கத்துக்கென்றே இருக்கும் புகழ்பெற்ற தனியார் அருங்காட்சியகத்தின் உலோகப் பொருள்களில் பெரும் பகுதி போலி என்று 2001-இல் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. அத்தனை பெரிய சேகரிப்புக்கே அந்தக் கதி என்றால், இணையத்தில் சில நூறு டாலருக்கு வரும் 'மோச்சே செம்பு முகமூடி' என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மரத்துக்கும் எலும்புக்கும் இருப்பதுபோல், நேரடியாக வயது சொல்லும் சோதனை உலோகத்துக்கு இல்லை. ஆய்வாளர்கள் வேறு வழிகளில் பார்க்கிறார்கள். துத்தநாகம் கணிசமாக இருந்தால் அது பித்தளை. மோச்சே தட்டார்கள் பித்தளை அறியாதவர்கள். தகட்டின் கனம் முழுக்க ஒரே அளவாக இருந்தால் உருளையில் இழுத்த இன்றைய தகடு. கையால் அடித்ததன் கனம் இடத்துக்கு இடம் மாறும். உண்மையான களிம்பு உலோகத் துகள்களின் எல்லைகள் வழியே உள்ளே வேரோடியிருக்கும். பச்சைக்கும் உலோகத்துக்கும் நடுவில் செங்கல் நிறத்தில் ஓர் அடுக்கு இருக்கும். போலியில் பச்சை மேலோடு நின்றுவிடும். சில நேரம் பசையில் குழைத்து ஒட்டியதாகவே இருக்கும். இங்கும் களிம்புதான் சாட்சி. உண்மைப் பொருளைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர், அது உண்மை என்று நிறுவும் வழியையும் சேர்த்தே தேய்த்துவிட்டார்.

அதிலும் தேய்த்த செம்பு நீடிப்பதில்லை. களிம்புக்கு அடியில் குளோரைடு உப்புகள் பதுங்கியிருக்கும். அமிலம் அவற்றைக் கிளறிவிட, ஈரக் காற்று பட்டதும் வெளிர்பச்சைத் தூளாக உலோகம் உதிரத் தொடங்கும். காப்பாளர்கள் இதை வெண்கல நோய் என்கிறார்கள். வீட்டு அலமாரியில் அழகாக இருந்த முகம் சில ஆண்டுகளில் பொடியாகும்.

ஆண்டிஸ் பகுதியில் நெடுங்காலம் ஆய்வு செய்த சார்லஸ் ஸ்டானிஷ் 2009-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இணைய விற்பனை வந்தால் கொள்ளை பெருகும் என்று தொல்லியலாளர்கள் அஞ்சினார்கள்; நடந்தது வேறு, போலிகளைச் செய்து விற்பதே உள்ளூர்க்காரர்களுக்கு எளிதான, ஆபத்தில்லாத வருமானமாகிவிட்டது என்றார் அவர். சிறு பொருள்களைப் பொறுத்தவரை அதில் உண்மை இருப்பதாகவே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கோடிகளில் விலைபோகும் முகமூடியைத் தேடுபவர் இணையத்தில் தேடுவதில்லை. அந்தச் சந்தை வேறு தளத்தில், மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது.

இன்றைக்கு இத்தகைய பொருளின் முன் நிற்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது உண்மையா என்பதன்று. 1970-க்கு முன் அது எங்கே இருந்தது என்பதே. பண்பாட்டுப் பொருள்களின் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த ஆண்டு அது. அமெரிக்க அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கமும் 2008 முதல் அதையே எல்லைக் கோடாக வைத்திருக்கிறது. விற்பவர் காட்டும் தாளில் 'சுவிஸ் தனியார் சேகரிப்பு, 1960-கள்' என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் போதாது. தேதியிட்ட புகைப்படம், பழைய விலைச்சீட்டு, அக்காலத்தில் அச்சான கண்காட்சிக் கையேடு போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். பெருவின் 1929 சட்டத்தை வைத்துப் பார்த்தால் 1970-க்கு முந்தைய பொருளும் உரிமைச் சிக்கலிலிருந்து முழுதாகத் தப்புவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சேகரிப்பு என்ற ஆசையையே நான் குற்றம் சொல்லவில்லை. ரஃபேல் லார்கோ ஓய்லே 1926-இல் தன் குடும்பத்தின் கரும்புத் தோட்டத்தில் தொடங்கிய சேகரிப்பு, மோச்சே பானைகளைக் கால வரிசைப்படுத்தும் முறைக்கே அடித்தளமானது. இன்று லிமாவில் லார்கோ அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, அதன் பொருள் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். மோச்சே உலோக வேலையின்மேல் மையல் கொண்டவருக்கு வேறொரு வழியும் இருக்கிறது. வடக்குப் பெருவின் தட்டார்கள் பழைய வடிவங்களை இன்றும் அடித்துச் செய்கிறார்கள். பியூரா அருகே கட்டகாவோஸ் ஊர் அத்தகைய நகை வேலைக்குப் பெயர்போனது. புதியது என்று சொல்லியே விற்கும் அந்தப் பொருளை வாங்கினால் கூலி தட்டாருக்குப் போகும், எந்த வாக்காவிலும் குழி விழாது.

ஏற்கெனவே கையில் இருப்பவர்கள், குறிப்பாகத் தாத்தாவோ மாமனாரோ விட்டுச்சென்ற பெட்டியில் இப்படி ஒன்றைக் கண்டவர்கள், அதைத் தேய்க்கவோ கழுவவோ கூடாது. ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டிவிடவும் கூடாது. அதோடு வந்த கடிதம், சுற்றியிருந்த செய்தித்தாள், பெட்டியில் ஒட்டிய சீட்டு எதையும் எறிய வேண்டாம். பல நாடுகளில் உள்ள பெருவின் தூதரகங்கள் இத்தகைய பொருள்களைப் பெற்றுக்கொள்கின்றன. தாமாக முன்வந்து ஒப்படைத்தவற்றைப் பெரு வெளியுறவு அமைச்சகம் பண்பாட்டு அமைச்சகத்திடம் அவ்வப்போது கையளித்துவருகிறது. களிம்பு கலையாமல் போய்ச் சேரும் தகட்டில், லம்பாயேக்கேயில் 2002-இல் திறந்த சிபான் அரச கல்லறை அருங்காட்சியகம் போன்ற இடங்களின் காப்பாளர்களுக்கு நெசவைப் படிக்கவாவது ஏதாவது மிச்சமிருக்கும்.